தேறாத சிமெண்ட்

சென்னகிருஷ்ணனின் கழிவுநீர்த் தொட்டியில் ஒரு சிமெண்ட் பலகை வளர்ந்துவிட்டது.

மரப் பலகை என்றால் ஊறிப் பெருத்தது என்று விட்டுவிடலாம். இது சிமெண்டும் மணலும் ஜல்லியும் சேர்த்து வார்த்தது. அன்னூர்ப் பக்கம் அவர் நடத்திய நூல் சாயப் பட்டறைக்குப் பின்னால், சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்க இரண்டு அறைகள் கொண்ட தொட்டி இருந்தது. நடுச்சுவரில் ஒரு மடை. மடையின் இருபுறமும் நீளப் பள்ளமாகக் காடி விட்டு, அதில் இந்தப் பலகையைச் செருகியிருந்தார்கள். மேலே ஓர் இரும்பு வளையம். வளையத்தில் கயிறு கட்டி இழுத்தால் பலகை ஏறும், விட்டால் இறங்கும். போன வருடம் தொட்டிக்குப் பூஜை போட்ட அன்று, அவர் மனைவி ராமாமணி ஒற்றை ஆளாக இழுத்துக் காட்டினாள். இப்போது நான்கு பேர் இழுத்தும் அசையவில்லை.

பலகை வார்த்த மரச் சட்டம் இன்னும் கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்துவந்து பலகையின் மேல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. அந்தச் சட்டத்துக்குள் பிறந்த பலகை இப்போது அந்தச் சட்டத்துக்குள் நுழைய மறுத்தது.

"யாரோ பலகையை மாத்திப்போட்டாங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

"ஏனுங்க, சாக்கடைப் பலகையை எவன் திருடுவான்?" என்றாள் ராமாமணி. "திருடிப்போட்டு, அதைவிடப் பெருசா ஒண்ணு கொண்டாந்து வெச்சுட்டுப் போவானா? அப்படியொரு திருடன் இருந்தா நம்மூட்டுப் பீரோவையும் கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க."

சென்னகிருஷ்ணனுக்குச் சந்தேகம் இயல்பாக வரும். இருபது வருடம் சாயத் தொழிலில் இருந்தவர் எந்த நிறத்தையும் முதல் பார்வையில் நம்புவதில்லை. கடப்பாரையை எடுத்து மடையோரம் நெம்பினார். பலகை நகரவில்லை, சுவர் நகர்ந்தது. தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் வெள்ளைப் பட்டையாக இருந்த பூச்சு, கேழ்வரகுப் புட்டு போல உதிர்ந்து கையில் வந்தது. அதற்குப் பின்னால் வெடிப்பு. வெடிப்புக்குப் பின்னால் ஈர மண்.

அவர் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பக்கத்துத் தோட்டத்து ராசாத்தாள் வரப்பில் வந்து நின்றாள். கையில் ஒரு சொம்பு.

"சாயக்காரரே, என்ற கெணத்துல இன்னிக்கு ரோஸ் கலருங்க. நாளைக்கு என்ன கலருன்னு முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா, மாட்டுக்கு அதுக்கேத்த கயிறா மாத்திக் கட்டிப்போடுவேன்."

"ஏனுங்க்கா, நானே தலைவலியில இருக்கறேன்..."

"உங்குளுக்குத் தலைவலி. என்ற தென்னைக்கு வேர்ல வலி. போன திங்கக்கெழமை கலெக்டராபீசுல மனுக் குடுத்துட்டனுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசறது இதுதான் கடேசி."

அவள் மனு வேலை செய்தது. ஒரு ஜீப் வந்தது, உதிர்ந்த சுவரைப் பார்த்தது, ஓர் உத்தரவை நீட்டிவிட்டுப் போனது. பொங்கலுக்குள் ஒழுகாத தொட்டி வேண்டும். அது நெடுநிலைப்பு ஆணையத்தில் தேறிய சிமெண்டால் கட்டியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குச் சீல்.

சென்னகிருஷ்ணனைக் குழப்பியது இரண்டாவது நிபந்தனை. உதிர்ந்த தொட்டியும் ஆணையத்தில் தேறிய சிமெண்டால் கட்டியதுதான். முதல் வகுப்பில் தேறியது.

அவருடைய அடுத்த சந்தேகம் நசுருதீன் பாய் மேல் விழுந்தது. உக்கடத்துக்காரர், தொட்டியை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர். சென்னகிருஷ்ணன் நேராக அவர் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கேட்டார்.

"பாய், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. சிமெண்ட்ல சாம்பல் கலந்தீங்களா?"

நசுருதீன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "அல்லா மேல ஆணையா சொல்றேன் மொதலாளி. ஒரு பிடி சாம்பல் கலந்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும். ஐம்பத்து மூணாம் கிரேடு. மூட்டைய உங்க கண்ணு முன்னாலதான் பிரிச்சோம். அந்தக் கடையில சாம்பல் சிமெண்டும் இருந்துச்சு, வெலையும் கம்மி. நான் கையால தொடலை. என் வாப்பா காலத்துல இருந்து எங்க மேல அந்தப் பேரு கெடையாது."

சென்னகிருஷ்ணன் அதையும் முழுதாக நம்பவில்லை. ஆனால் டீயைக் குடித்தார்.

இனி சந்தேகப்பட மிச்சம் இருந்தது சிமெண்ட் மட்டும்தான். சிமெண்டைச் சந்தேகப்பட உரிமை பெற்ற இடம் ஆணையம்.

கட்டுமானப் பொருள் நெடுநிலைப்பு உறுதி ஆணையம் உக்கடம் குளத்தைப் பார்த்தபடி இருந்தது. வாசல் வளைவில் பொன் எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "நூறாண்டு நிலைக்குமா? இருபத்தெட்டு நாளில் சொல்வோம்."

வேலை நடக்கும் விதம் எளிமையானது. சிமெண்ட் கலவையை அரையடி அளவுள்ள கனச்சதுரக் கட்டிகளாக வார்த்துக் கொண்டுவர வேண்டும். இவற்றைக் கியூப் என்பார்கள். ஆறு கியூப். ஆணையம் அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கும். ஏழாம் நாள் மூன்றை எடுத்து எந்திரத்தில் வைத்து நசுக்கும். எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்பதுதான் மதிப்பெண். ஏழில் தேறினால் தற்காலிகச் சான்றிதழ். இருபத்தெட்டாம் நாள் மீதி மூன்றையும் நசுக்கி நிரந்தரச் சான்றிதழ். ஏழாம் நாளே தோற்றால் மீதி மூன்றை நசுக்கி எந்திரத்தைச் சிரமப்படுத்துவதில்லை. அவற்றின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு வெளியே எறிந்துவிடுவார்கள்.

இணை இயக்குநர் லட்சுமிநாராயணன் சென்னகிருஷ்ணனைத் தானே அழைத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினார். பார்வையாளர் அபூர்வம். ஊறவைக்கும் தொட்டி முன் நின்றதும் அவர் குரல் தாழ்ந்தது.

"இதுல ஓடறது அத்தனையும் சிறுவாணித் தண்ணி. உலகத்துலயே ரெண்டாவது ருசி. வேற தண்ணியில நாங்க எந்த சிமெண்டையும் சோதிக்கறதில்லை."

முதலாவது எது என்று கோயமுத்தூரில் யாரும் கேட்பதில்லை. சென்னகிருஷ்ணனும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"சாருங்க, என்ற தொட்டியில சிறுவாணித் தண்ணி இருக்காதுங்களே. சாயத் தண்ணிதானுங்களே இருக்கும். அதுல போட்டுப் பாத்தா என்னுங்க?" கையில் கொண்டு வந்திருந்த கெரசின் கேனைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பட்டறைத் தண்ணீர், கருநீலமாக.

லட்சுமிநாராயணன் இரண்டடி பின்வாங்கினார். "இதையா? இதுல போட்டா கியூப் கெட்டுப் போயிருமே!"

"கெடுமா கெடாதான்னுதானுங்க பாக்கோணும்."

"நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, யோசிங்க. கெட்டுப்போன கியூபை எப்படிச் சோதிக்கறது? சோதனைக்கு வர்ற பொருளைப் பத்திரமாப் பாதுகாக்கறது எங்க மொதல் கடமை. நீங்க சொல்ற மாதிரி செஞ்சா பாதி சிமெண்ட் தோத்துப்போகும். ஆணையத்தோட தேர்ச்சி விகிதம் என்னாகறது?"

சென்னகிருஷ்ணன் யோசித்துப் பார்த்தார். படித்தவர் மாதிரி இருப்பதை நிறுத்திக்கொண்டு வேறு கேள்வி கேட்டார்.

"கியூபை நான் பத்து நாளு முன்னாடியே வார்த்து வெச்சிருந்தா, வயசு எப்படிங்க கணக்குப் போடுவீங்க?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆளாளுக்கு ஒரு தேதி சொல்லுவாங்க. அதனால பதிவு ஆகற நாள்தான் கியூபோட பொறந்த நாள். அதுக்கு முன்னாடி அது பொறக்கலை. அது கல்லு இல்லை, மண்ணு இல்லை, ஒண்ணுமே இல்லை. பதிவுல எங்களுக்குத் தாமதமே கெடையாது. வந்த அன்னிக்கே பதிவு, வந்த அன்னிக்கே ரசீது. மத்ததெல்லாம் பொறவு."

இவ்வளவு சொல்லிவிட்டு, அபாயகரமான திரவத்தை வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்றும், பின்புறக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போகலாம் என்றும் அன்போடு அனுப்பிவைத்தார்.

பின்புறம் ஒரு கால்வாய் ஓடியது. மாடியில் வேதியியல் பிரிவு. மணலிலும் தண்ணீரிலும் உப்பு இருக்கிறதா என்று பார்க்கிற இடம். வேலை முடிந்ததும் மிஞ்சிய கந்தக உப்புக் கரைசல்களை ஒரு குழாய் வழியாக இங்கேதான் விடுவார்கள். சென்னகிருஷ்ணன் கேனைச் சாய்க்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

கால்வாயின் வடகரைச் சுவர் அவருடைய தொட்டியைப் போலவே இருந்தது. அதே வெள்ளைப் பட்டை, அதே புட்டு, அதே உப்பல். தென்கரையில் சுவர் இல்லை. கனச்சதுரக் கட்டிகளை மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மங்கிய சிவப்புப் பெருக்கல் குறி. விளிம்புகள் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன. தண்ணீர் அதே தண்ணீர். எட்டணாக் காசை எடுத்துச் சுரண்டினார். காசுதான் தேய்ந்தது.

"அதத் தொடாதீங்க, தோத்ததுங்க அது" என்று குரல் கேட்டது. காவலாளி கண்ணையா.

"யாருங்க இதை அடுக்குனது?"

"நாந்தானுங்க. அஞ்சாறு வருசமா அடுக்கறேன். வெளிய கொட்டுன்னு குடுப்பாங்க. ஒடைச்சுப் பள்ளத்துல போட்டு மூடலாம்னு பாத்தா ஒடையவே மாட்டேங்குது, சனியன். ரெண்டு சம்மட்டிக் காம்பு போச்சு. சரி கெடக்குட்டும்னு இக்கட்ட அடுக்கிப்போட்டேன். அக்கட்ட இருக்குது பாருங்க, அதுதான் நல்ல செவுரு. தேறின சிமெண்டு."

"நல்ல செவுரு ஏனுங்க உதுருது?"

"அது வருசா வருசம் உதுருமுங்க. வருசா வருசம் கட்டுவாங்க. நல்ல செவுருன்னா அப்படித்தானுங்க, செலவு இருக்குமில்ல?" கண்ணையாவுக்கு ஆணையத்தின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

சென்னகிருஷ்ணன் மாடியேறி இணை இயக்குநரின் அறைக்குப் போனார். அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கீழே அழைத்து வந்தார். அவரோடு இரண்டு உதவி இயக்குநர்களும், குடை பிடிக்க ஒருவரும் வந்தார்கள். லட்சுமிநாராயணன் தென்கரையை நெடுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது.

"இதெல்லாம் சாம்பல் கலந்த சிமெண்ட். அனல் நிலையத்துச் சாம்பல். ஏழாம் நாள் சோதனையில தோத்ததுன்னு என் கையெழுத்துலயே அறிவிச்சது. அறிவிச்ச பிறகும் அஞ்சு வருஷமா ஒடையாம நிக்குதுன்னா என்ன அர்த்தம்? விதிமீறல்! தோத்தது தோத்த மாதிரி இருக்கணும். இப்படி நின்னுக்கிட்டு இருந்தா நாளைக்கு நம்ம சான்றிதழை எவன் மதிப்பான்?"

உடனே உடைத்து அப்புறப்படுத்தும்படி உத்தரவிட்டார். சம்மட்டி வந்தது. கண்ணையா ஓங்கி அடித்தார். மூன்றாவது காம்பும் போனது. சத்தத்துக்கு ஒதுங்கிய லட்சுமிநாராயணன் வடகரைச் சுவரில் கை ஊன்றினார். சுவர் ஒரு முழம் நீளத்துக்குச் சரிந்து கால்வாயில் இறங்கியது. அவரும் முழங்கால் வரை கூடவே இறங்கினார்.

உதவி இயக்குநர்கள் அவரை மேலே தூக்கினார்கள். கால்சட்டையின் வெள்ளைச் சேற்றை வழித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பாத்தீங்களா? இதை எதிர்பார்த்துத்தான் வருஷா வருஷம் பராமரிப்பு நிதி ஒதுக்கி வெச்சிருக்கோம். முன்யோசனைன்னா இதுதான்."

"சாருங்க, எனக்கு இந்தத் தேறாத சிமெண்டே போதுமுங்க. இதுல கட்டிக்கிறனே?"

"தேறாததுக்கு எப்படிச் சான்றிதழ் தர்றது?"

"ஏழாம் நாளுக்குப் பதிலா, மூணு மாசம் கழிச்சு நசுக்கிப் பாருங்களேன்."

லட்சுமிநாராயணன் அவரைப் பரிவோடு பார்த்தார். "எனக்கும் வேதியியல் தெரியும். சாம்பல் மெதுவா வேலை செய்யும். செஞ்சா கெட்டியாச் செய்யும். உப்புத் தண்ணிக்கு அசையாது. நானே ஒரு கருத்தரங்குல பேசியிருக்கேன். ஆனா ஏழு நாளுக்குள்ள தன் தகுதியைக் காட்டத் தெரியாத பொருளுக்கு நான் என்ன செய்ய முடியும்? மெதுவா வேலை செய்யறவங்களை இந்த ஆணையம் ஒரு நாளும் ஊக்குவிக்காது."

இதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால், சுழலாத மின்விசிறியைச் சரிசெய்யக் கேட்டு முன்பிருந்த இணை இயக்குநர் எழுதிய மனு, சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது அவருடைய அறையில் இருந்தது. நாம் கால்வாய்க் கரையில் இருக்கிறோம்.

சென்னகிருஷ்ணன் உக்கடத்தில் அன்னூர் பஸ் ஏறினார். நெரிசல். அவர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு இடிபட்டு நிற்கட்டும். அதற்குள் அவருடைய பலகை ஏன் வளர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் மீதியெல்லாம் தெரிந்த மாதிரிதான்.

சிமெண்டில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பொருள் உண்டாகின்றன. ஒன்று பசை, மணலையும் ஜல்லியையும் பிடித்துக் கல்லாக்குவது அதுதான். இன்னொன்று சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்புக்குக் கல்லுக்குள் பெரிய வேலை எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும். நல்ல தண்ணீர் பட்டுக்கொண்டிருக்கும் வரை அதனால் தொல்லையும் இல்லை. ஆனால் சாயத் தண்ணீரில் கிளாபர் உப்பு இருக்கிறது. நூல் சாயத்தைப் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அது கந்தக வகை உப்பு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கல்லுக்குள் நுழைந்து, சும்மா இருக்கும் சுண்ணாம்போடும் சிமெண்டில் உள்ள வேறு சில பொருள்களோடும் கூட்டுச் சேர்ந்து, புதிய படிகங்களாக வளரும். அவற்றுக்கு முன்னைவிட அதிக இடம் வேண்டும். இடம் எங்கே? ஏற்கெனவே நிறைந்த பஸ்ஸில் இன்னும் பத்துப் பேர் ஏறினால் என்ன ஆகும்? முதலில் பக்கவாட்டுத் தகரம் புடைக்கும், பிறகு கிழியும். பலகை புடைத்தது. சுவர் கிழிந்தது. ஐம்பத்து மூணாம் கிரேடு என்பது அந்தக் கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு. எந்தத் தண்ணீரைத் தாங்கும் என்ற கணக்கு அல்ல.

சாம்பல் என்ன செய்கிறது? அடுப்புச் சாம்பல் அல்ல, நிலக்கரியை எரிக்கும் அனல் நிலையத்தின் மாவு போன்ற சாம்பல். அது அந்தச் சும்மா இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்து வேலைக்கு வைக்கிறது. இரண்டும் சேர்ந்து மேலும் பசை ஆகின்றன. பசை போய்த் துளைகளை அடைக்கிறது. உப்பு நுழைய வழி குறைகிறது. மீறி நுழைந்தாலும் கூட்டுச் சேர அங்கே சுண்ணாம்பு அதிகம் இல்லை. ஒரே சிக்கல், இதற்கு நேரம் பிடிக்கும். ஏழாம் நாளில் சாம்பல் வேலையைத் தொடங்கியே இருக்காது. அதுவரை கல்லில் இருப்பது, சாம்பல் இருக்கும் அளவுக்குக் குறைந்த சிமெண்ட் மட்டுமே. ஆகவே தோற்கும். ஆணையம் கணக்கை ஒழுங்காகத்தான் போட்டது. கேள்வியைத்தான் தவறாகக் கேட்டது.

பஸ் சரவணம்பட்டி தாண்டியபோது கண்டக்டர் யாரோ ஒரு தாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மடியில் உட்கார்ந்திருந்த பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. அஞ்சு வயசு முடியவில்லை, டிக்கெட் கிடையாது என்றாள் தாய்.

"ஏம்மா, பையன் என்னை விட ஒசரமா இருக்கறான்!"

"ஒசரம் எங்கூட்டு வாகுங்க. பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டுல பொறந்த தேதி இருக்குது, போய்ப் பாருங்க!"

சென்னகிருஷ்ணன் சிரித்தார். அவருடைய சர்ட்டிபிகேட்டிலும் ஜூன் ஒன்று என்றுதான் இருந்தது. பள்ளியில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் போட்டது. உண்மையில் அவர் பிறந்தது அதற்கு முந்தைய கார்த்திகையில். காகிதத்தில் இருப்பதைவிட அவருக்கு அரை வயது அதிகம். அந்த அரை வயதில்தான் ஒன்றாம் வகுப்பில் எல்லோரையும் அடித்துப் போட்டார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பதிவு ஆகிற நாள்தான் கியூபோட பிறந்த நாள்.

அவர் அன்னூரில் இறங்கவில்லை. நெரிசலிலேயே முண்டியடித்து வழியில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து உக்கடத்துக்கே திரும்பினார்.

"பாய், தொட்டிய இடிச்சுப்போட்டுப் புதுசா கட்டோணும். இந்தத் தடவை சாம்பல் சிமெண்டு."

நசுருதீன் வாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "மொதலாளி, அன்னிக்கு சாம்பல் கலந்தியான்னு கேட்டீங்க. இன்னிக்கு சாம்பல்லயே கட்டுங்கறீங்க. நான் கட்டுவேன். நாளைக்கு ஒழுகும். ஜீப்ல வர்றவங்ககிட்ட 'பாத்தீங்களா, சாம்பல்'னு என்னைக் காட்டுவீங்க. நான் ஏமாந்தவன் மாதிரியா தெரியறேன்?"

அவரைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. நசுருதீன் தென்கரையையும் பார்த்தார், வடகரையையும் பார்த்தார். "அப்ப மூட்டை மேல போட்டிருக்கற நம்பரு?" என்றார் கடைசியில்.

"அது பாரத்துக்கு, பாய். நமக்குத் தண்ணிக்கு வேணும்."

ஆவணி கடைசியில் தொட்டி எழும்பியது. கலவையில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சி ஆக்காமல், கெட்டியாகவே இடித்து இறக்கினார்கள். தண்ணீர் கூடினால் துளையும் கூடும். புதிய மடைப் பலகையை அதே மரச் சட்டத்தில் வார்த்தார்கள். கூடவே ஆறு கியூப். இனி தொட்டிக்கு மூன்று மாதம் நல்ல தண்ணீர் வேண்டும். சாம்பல் வேலை செய்ய ஈரம் வேண்டும்; அந்த ஈரம் உப்பு ஈரமாக இருக்கக் கூடாது. பட்டறையில் நல்ல தண்ணீர் இல்லை. சுற்று வட்டாரத்தில் நல்ல தண்ணீர் வந்தது ஒரே இடத்தில், ராசாத்தாளின் மேல்தோட்டத்துப் போர்க் கிணற்றில்.

"என்ற கெணத்தைக் கெடுத்துப்போட்டு, மிச்சம் இருக்கற போர்த் தண்ணியும் கேக்கறீங்களாக்கும்?" என்றாள் ராசாத்தாள்.

"மூணு மாசம் பட்டறைய மூடிப்போடறனுங்க. ஒரு சொட்டு சாயம் எறக்க மாட்டேன். தொட்டி கெட்டியானா உங்க கெணத்துக்குத்தானுங்க நல்லது. பொங்கல்ல ஒழுகுச்சுன்னா நீங்களே வந்து கதவைச் சாத்துங்க."

அவள் ராமாமணியைப் பார்த்தாள். ராமாமணி தலையசைத்தாள். "சாத்துங்க. நானும் கூட நிக்கறேன்."

தண்ணீர் கிடைத்தது, நிபந்தனையோடு. தினமும் காலையில் ராசாத்தாள் தொட்டிக்கு வருவாள். தண்ணீரை மோந்து பார்ப்பாள். விரலால் தொட்டு நக்குவாள். பிறகு ஒரு விறகுக் கட்டையால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். ஆணையத்தில்கூட யாரும் சிமெண்டை இவ்வளவு சந்தேகத்தோடு சோதித்ததில்லை. பட்டறை நூல் மூன்று மாதம் சோமனூரில் ராமாமணியின் தம்பி பட்டறைக்குப் போனது. அங்கே கழிவு எங்கே போகிறது என்று சென்னகிருஷ்ணன் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவர்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

ஆறு கியூபும் அதே தொட்டியின் அடியில் கிடந்தன. மார்கழியில் அவற்றை எடுத்துத் துடைத்துச் சாக்கில் கட்டி ஆணையத்துக்குக் கொண்டு போனார். வந்த அன்றே பதிவு. வந்த அன்றே ரசீது. கியூப்கள் அன்று காலை பதினொரு மணிக்குப் பிறந்தன.

ஏழாம் நாள் எந்திரம் இறங்கியது. முள் ஏறியது. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியது. இன்னும் ஏறியது. எந்திரத்தை இயக்கியவர் பயந்து நிறுத்தினார். எந்திரம் பழுதாகியிருக்கும் என்று ஒரு மெக்கானிக்கை அழைத்து எண்ணெய் போட்டார்கள். இரண்டாவது கியூபை வைத்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவதை வைக்கும்போது லட்சுமிநாராயணனே வந்து நின்றார்.

"சாம்பல் சிமெண்ட், ஏழே நாளில்!" அவர் எந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார். "இது இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லை. காரணம் என்னன்னு எனக்குத் தெரியும்." சென்னகிருஷ்ணன் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். "சிறுவாணி! எல்லாம் அந்தத் தண்ணியோட மகிமை. ஆணையத்தோட தொட்டியில ஒரே வாரம் ஊறினா சாம்பலும் கல்லாகும்!"

தற்காலிகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டாம் நாளுக்கு இரண்டே போதும் என்று, மீதி மூன்றில் ஒன்றை வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். கீழே ஓர் அட்டை: "வயது: ஏழு நாள்."

பொங்கலுக்கு முன் ஜீப் வந்தது. சாயத் தண்ணீர் நிறைந்த தொட்டியைச் சுற்றி வந்தார்கள். சுவர் வெளிப்புறம் காய்ந்திருந்தது. மடையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ராமாமணி வளையத்தில் கயிறு கட்டி ஒற்றை ஆளாக இழுத்தாள். பலகை ஏறியது. விட்டாள். இறங்கியது. சென்னகிருஷ்ணன் மரச் சட்டத்தை எடுத்து வந்து பலகையின் விளிம்பில் வைத்துப் பார்த்தார். பொருந்தி உட்கார்ந்தது. அதற்கு அடுத்த வருடமும், அதற்கும் அடுத்த வருடமும் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தது.

கிணறு உடனே தெளியவில்லை. இரண்டு மழை பிடித்தது. ஒரு நாள் ராசாத்தாள் சொம்போடு வரப்பில் வந்து நின்றாள். சென்னகிருஷ்ணன் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு நிறம் இல்லை.

"என்ன கலருங்க இது?" என்றார்.

"குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க. நாங் குடிச்சுட்டுத்தான் வாரேன்" என்றாள்.

அதன் பிறகு மற்ற பட்டறைக்காரர்கள் வந்து ரகசியம் கேட்டார்கள். மந்திரம் ஏதோ வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்:

"சாம்பல் கலந்த சிமெண்டுல கட்டுங்க. கலவையில தண்ணிய அளவாப் போடுங்க. அமிலத் தண்ணிக்கு எந்த சிமெண்டும் நிக்காது, அதனால அதைத் தொட்டிக்கு வெளியவே சுண்ணாம்பு போட்டு அடக்கிப்போட்டு உள்ள விடுங்க. சாயத் தண்ணி எறக்கறதுக்கு முன்னாடி மூணு மாசம் நல்ல தண்ணி கட்டி வைங்க. கியூபையும் அதே தண்ணியில மூணு மாசம் போட்டு வெச்சுட்டு, அப்பறம் ஆபீசுக்குக் கொண்டு போய்ப் பதிவு பண்ணுங்க."